வழக்குக்கு நீதிபதியைத் தெரிவு செய்வது யார்?

நாபோத்தின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இஸ்ரயேல் அரசன் ஆகாபுக்கு அரண்மனையை ஒட்டினாற்போல ஒரு காய்கறித் தோட்டம் வேண்டியிருந்தது. பக்கத்துக் காணி நாபோத்துடையது. நல்ல விலை தருகிறேன், அல்லது இதைவிடத் திறமான காணி தருகிறேன் என்று அரசன் கேட்டான். நாபோத்து மறுத்து விட்டான். அது தந்தை வழியாக வந்த காணி. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேசவழமையில் அதற்கு முதுசம் என்று பெயர். திருநெல்வேலியிலோ கோண்டாவிலிலோ பாட்டன் கையால் வந்த செம்மண் தோட்டக் காணியைக் கொத்திப் பயிர்செய்து வரும் ஒருவரிடம் போய், அரண்மனைக்கு வேண்டும், விலையைச் சொல்லும் என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில்தான் அன்றும் வந்தது.

அரசனின் பேராசை, அரசியின் கொடுமை, இறைவாக்கினர் எலியாவின் கண்டனம் ஆகியவற்றையே நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். ஆனால் முதலாம் அரசர் நூலின் 21ஆம் அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஈசபேல் ஆள்வைத்து இரவில் நாபோத்தைக் கொல்லவில்லை. அவள் கடிதம் எழுதினாள். அரசனின் பெயரில், அரசனின் முத்திரையிட்டு, நாபோத்தின் ஊர்ப் பெரியோருக்கு எழுதினாள். நோன்பு அறிவிக்கப்பட்டது. சபை கூடியது. சட்டம் கேட்கும் இரண்டு சாட்சிகளும் ஆயத்தமாக வந்து நின்றார்கள். குற்றச்சாட்டு, சாட்சியம், தண்டனை எல்லாம் ஒழுங்காக நடந்தேறின. வெளிப்பார்வைக்கு நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. அந்த முதுசம் பறிபோனது ஒரு நீதிமன்றத்தின் ஊடாகவே. அந்தப் பெரியோரில் ஒருவராவது கடிதத்தைத் திருப்பி அனுப்பினாரா? அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அவர்களில் ஒருவருடைய பெயர்கூட விவிலியத்தில் இல்லை.

இந்த வாரம் நாம் கற்கப்போவது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். ஆட்சியில் இருப்பவரின் கடிதம் எந்தெந்த வாசலால் நீதிமன்றத்துக்குள் நுழைகிறது? அதைத் திருப்பி அனுப்பிய நீதிபதிகள் யார்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது? முதலில் இங்கிலாந்துக்குப் போய்ப் பின்னர் நம் நாட்டுக்கு வருவோம். நமது நீதிமன்ற முறை அங்கிருந்து கப்பலேறி வந்தது. நல்லதும் கெட்டதும் ஒரே பெட்டியில் வந்தன.

அரசன் பொறுக்கியெடுத்த நீதிபதிகள்

புனித தோமஸ் மூர் 1529 முதல் 1532 வரை இங்கிலாந்தின் முதன்மை நீதிப் பதவியான சான்சலர் பதவியில் இருந்தவர். எட்டாம் ஹென்றி மன்னன் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று கூறியபோது, அதை ஏற்றுச் சத்தியம் செய்ய மறுத்தார். 1535 யூலை 1ஆம் திகதி வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தில் அவருக்கு விசாரணை நடந்தது. யூலை 6ஆம் திகதி தலை வெட்டப்பட்டது. இவை நாம் அறிந்தவை. அந்த விசாரணை ஆசனத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சற்றுக் கவனியுங்கள். மன்னனின் புதிய மனைவி ஆன் பொலினின் தகப்பனார் இருந்தார். அவளுடைய சகோதரர் இருந்தார். தாய்மாமனாகிய நோர்போக் பிரபுவும் இருந்தார். எந்தத் திருமணத்தினால் இவ்வளவும் வந்ததோ, அந்தப் பெண்ணின் வீட்டாரே நீதிபதிகள்! கடிதம் எழுதும் சிரமமும் மன்னனுக்கு இருக்கவில்லை. ஆசனத்தில் அமர்வோரைத் தானே தெரிவு செய்தால் கடிதம் எதற்கு?

பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1935இல் தோமஸ் மூருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை அரசியலாளரின் பாதுகாவலர் என அறிவித்தார்.

அவருக்குப் பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு சட்ட அறிஞர் வருகிறார். எட்வேட் குக் என்பது பெயர். ஆங்கிலத்தில் கோக் என்று எழுதிக் குக் என்று வாசிப்பார்கள். கத்தோலிக்கரான நமக்கு இவர் இலகுவில் பிடித்துப்போகும் மனிதர் அல்லர். மன்னரின் தலைமை வழக்குத் தொடுநராக இருந்த காலத்தில், வெடிமருந்துச் சதி வழக்கில் 1606ஆம் ஆண்டு இயேசு சபைக் குரு ஹென்றி கார்னற் அடிகளாரைத் தூக்குமேடைக்கு அனுப்ப வாதாடியவர் இவரே. அதற்குமுன் 1603இல் வோல்ரர் றாலி மீதான வழக்கில் அவர் எதிரியை வைத வசைகள் சட்ட வரலாற்றில் இன்றும் வெட்கத்தோடு பேசப்படுகின்றன. மன்னர் விரும்பியதைச் செய்து முடிக்கும் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்துத்தான் 1606இல் பிரதம நீதியரசர்களுள் ஒருவரானார்.

அங்கேதான் வியப்பு இருக்கிறது. ஆசனத்தில் ஏறியதும் மனிதர் மாறிவிட்டார். 1607இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், நீதி என்னிடமிருந்து பிறக்கிறது, ஆகவே நானே வழக்குகளைத் தீர்க்கலாம் என்றார். முடியாது, மன்னர் எந்த மனிதருக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர், ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர் என்று பழைய சட்டநூலை எடுத்துக்காட்டிப் பதில் சொன்னதாகக் குக் தாமே எழுதி வைத்திருக்கிறார். அந்த வேளையில் மன்னர் கோபத்தால் கொதித்தெழ, குக் நிலத்தில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று அக்காலத்து வேறொருவரின் கடிதம் சொல்லுகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். முழங்கால் நடுங்கியவரும் உண்மையைச் சொல்ல இயலும்.

1615இல் மன்னரின் சட்ட ஆலோசகர் பிரான்சிஸ் பேக்கன் ஒரு புதிய வழி கண்டார். பீச்சம் என்ற போதகர் மீதான வழக்கில், நீதிபதிகளைத் தனித்தனியே சந்தித்து அபிப்பிராயம் கேட்கும் வழி. குக் அதை ஆட்சேபித்தார். நீதிபதியின் காதுக்குள் தனியே கேட்டு அபிப்பிராயம் பெறுவது புதுமையானது, ஆபத்தானது என்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு நாம் வழங்கும் அதே 'செவி' என்னும் சொல்லை அவர் அங்கே கையாண்டது ஒரு வேடிக்கை.

மறு ஆண்டில் முறிவு வந்தது. ஆயர் ஒருவருக்கு மன்னர் அளித்த மேலதிக மானியம் பற்றிய வழக்கை, தன்னோடு கலந்து பேசும்வரை நிறுத்தி வைக்கும்படி மன்னர் கட்டளை அனுப்பினார். பன்னிரண்டு நீதிபதிகளும் ஒப்பமிட்டு, இக்கட்டளை சட்டத்துக்கும் நாம் செய்த சத்தியத்துக்கும் விரோதம் என்று எழுதினர். 1616 யூன் 6ஆம் திகதி மன்னர் அவர்களை அழைத்து அந்தக் கடிதத்தைக் கிழித்தெறிந்தார். பன்னிருவரும் முழங்காலில் விழுந்தனர். இனி இப்படி நான் கேட்டால் வழக்கை நிறுத்துவீர்களா என்ற கேள்விக்குப் பதினொருவர் ஆம் என்றனர். அப்படியொரு நிலை வரும்போது ஒரு நீதிபதிக்குத் தகுந்ததைச் செய்வேன் என்றார் குக். அவ்வளவுதான். அந்த ஆண்டு கார்த்திகையில் பதவி பறிபோனது.

பின்னர் அவர் பாராளுமன்றத்துக்குப் போனதும், சிறையிருந்ததும், 1628இல் குடிகளின் உரிமை விண்ணப்பத்தை முன்னின்று வரைந்ததும் நீண்ட கதை. நமக்கு இங்கே வேண்டியது ஒன்று: மன்னர் விரும்பும் காலம்வரை மட்டுமே நீதிபதிக்குப் பதவி என்பது அந்நாளைய சட்டம். பிலாத்துவின் மனத்தை மாற்றியது சாட்சியமன்று. சீசருக்கு வேண்டாதவன் ஆகிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தை நீக்க இங்கிலாந்துக்கு மேலும் நூறாண்டு பிடித்தது. நன்னடத்தை உள்ளவரை நீதிபதியை நீக்கலாகாது, பாராளுமன்ற இரு சபைகளும் கேட்டாலன்றி என்று 1701ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது.

கப்பலில் ஏறாத பாதுகாப்பு

1801இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் நீதிப் பட்டயம் இலங்கைக்கு உயர் நீதிமன்றத்தைத் தந்தது. 1833இல் வந்த இன்னொரு பட்டயம் தீவு முழுவதற்கும் ஒரே நீதிமன்ற ஒழுங்கை வகுத்தது. இந்த இரண்டாவது பட்டயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். மன்றங்கள் வந்தன, அங்கிகள் வந்தன, அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் பெருகினர். ஆனால் 1701ஆம் ஆண்டின் பாதுகாப்பு மட்டும் வரவில்லை. குடியேற்ற நாட்டு நீதிபதி மன்னரின் விருப்பம் உள்ளவரை மட்டுமே பதவியில் இருப்பார் என்பதே முறையாக நீடித்தது. அமெரிக்கர் 1776இல் தங்கள் சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர்மீது சுமத்திய குற்றங்களில் இதுவும் ஒன்று.

அந்த நிலையிலும் கடிதத்தைத் திருப்பியனுப்பியவர்கள் இங்கே இருந்தார்கள். 1937ஆம் ஆண்டு மார்க் அந்தனி பிறேஸ்கேடில் என்ற இளைஞரை, தோட்டத் தொழிலாளரிடையே பேசினார் என்பதற்காக, 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போகும்படி தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸ் உத்தரவிட்டார். விக்ரோறியா மகாராணியின் காலத்தில், 1896இல், பிறப்பிக்கப்பட்ட அரச கட்டளை ஒன்று அந்த அதிகாரத்தைத் தருகிறது என்பது தேசாதிபதியின் வாதம். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் ஆட்கொணர்வு மனுவை விசாரித்தனர். அந்த அதிகாரம் யுத்தம், கலகம் போன்ற அவசர நிலைக்கு உரியது. நாட்டில் அப்படி எதுவும் இல்லாதபோது பேச்சுக்காக ஒருவரை நாடு கடத்த இயலாது என்று மே 18ஆம் திகதி தீர்த்து அவரை விடுவித்தனர். மன்னரின் தயவில் பதவி வகித்தவர்கள் மன்னரின் பிரதிநிதிக்கு எதிராகத் தீர்த்த தீர்ப்பு அது.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் திட்டம் அந்தக் குறையை நீக்கியது. உயர் நீதிமன்ற நீதியரசர் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார். செனற் சபையும் பிரதிநிதிகள் சபையும் கேட்டாலன்றி மகாதேசாதிபதி அவரை நீக்கலாகாது. கீழ்நீதிமன்ற நியமனங்களை நீதிச்சேவை ஆணைக்குழு பார்க்கும். அதன் அங்கத்தவரைத் தன்பக்கம் இழுக்க முனைவதும் குற்றம். பதவி பறிக்கும் வாசல் இப்படி அடைக்கப்பட்டது. தோமஸ் மூருக்குத் திறந்திருந்த மற்ற வாசல், அதாவது வழக்குக்கு ஏற்ற நீதிபதியைப் பொறுக்கியெடுக்கும் வாசல், அடைக்கப்பட்டதா?

1962

இங்கே கத்தோலிக்க வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டும். நமக்கு இது நோவான பகுதி. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நமது பாடசாலைகளை அரசாங்கம் கையேற்ற வேதனை ஆறுவதற்குமுன், 1962 தை 27ஆம் திகதி இரவு பொலிஸ், படை உயர் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தனர் என்ற செய்தி வெளிவந்தது. திட்டம் நிறைவேறுமுன்னரே கைதுகள் நடந்தன. அகப்பட்டவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர் எல்லோருமே சதிகாரர் என்பதுபோன்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. இதனால் நம்மவருள் சிலர், சதியே நடக்கவில்லை, எல்லாம் புனைவு என்று சொல்லும் அளவுக்குப் போனார்கள். அப்படிச் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கத்தை ஆயுதத்தால் கவிழ்க்க நினைப்பது பெருங்குற்றம். குற்றவாளியாக இருக்கக்கூடிய மனிதருக்கு எப்படி நீதி வழங்குவது என்பதே இங்கே எழும் கேள்வி. நல்லவருக்கு நீதி வழங்குவதில் நீதிமன்றத்துக்கு என்ன சோதனை இருக்கிறது?

அரசாங்கம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. விசாரணை தொடங்குமுன்னரே சதிகாரர் இன்னார், அவர்கள் செய்தது இது, கடும் தண்டனை வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அடுத்து அந்த ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தை மாதத்திலிருந்தே அமுலில் இருந்ததாகக் கொள்ளப்படும் சட்டம் அது. செய்தபோது சட்டத்தில் அவ்வாறு இல்லாத குற்றமும் தண்டனையும் பின்னால் போய்ப் பற்றிக்கொண்டன. பிடியாணை இன்றிச் சிறைவைத்தது சரியாக்கப்பட்டது. பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற பழைய காப்பு இந்த வழக்குக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. குற்றவாளியாகக் கண்டால் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை, சொத்து முழுவதும் பறிமுதல். யூரிமார் இல்லை. மூன்று நீதியரசர்கள் விசாரிப்பார்கள். அந்த மூவரையும் நீதி அமைச்சர் பெயர் குறிப்பிடுவார்.

கடைசி வரியை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். எந்த வழக்கை எந்த நீதியரசர் கேட்பது என்பது அதுவரை நீதிமன்றத்தின் வீட்டு வேலை. பிரதம நீதியரசரின் பொறுப்பு. இப்போது வழக்குத் தொடுக்கும் அரசாங்கத்தின் அமைச்சரே நடுவரையும் குறிப்பிடுகிறார். வழக்கின் பெயர் 'மகாராணி எதிர் லியனகே' என்பது. இலங்கை அப்போது குடியரசாகவில்லை. வழக்குத் தொடுப்பது பெயரளவில் எலிசபெத் மகாராணி. எட்டாம் ஹென்றி செய்ததை, மகாராணியின் பெயரால், பாராளுமன்றப் பெரும்பான்மையோடு ஓர் அமைச்சர் செய்தார் என்றால் அது மிகையாகாது.

அமைச்சர் குறிப்பிட்ட மூவர் யார்? ரி. எஸ். பெர்ணாண்டோ, எல். பி. டி சில்வா, தமிழரான பி. ஸ்ரீஸ்கந்தராஜா. இவர்களின் நேர்மையை யாரும் சந்தேகித்ததில்லை. முதலாமவர் சட்டமா அதிபர் திணைக்களத்தில் உயர்ந்து நீதியரசரானவர். அரச தரப்பில் வாதாடிப் பின் ஆசனம் ஏறிய வகையில் குக்கின் வழியில் வந்தவர் எனலாம், அவருடைய வசைகள் நீங்கலாக. 1961இல் பிரதமர் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவின் கொலை வழக்கை விசாரித்துத் தண்டனை விதித்தவரும் இவரே. கொலையுண்டவரின் மனைவியே 1962இல் பிரதமர். அந்த அரசாங்கம் இவர்மீது நம்பிக்கை வைத்ததில் வியப்பில்லை.

அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன நினைத்திருப்போம்? நாட்டிலேயே பெரிய வழக்கு. அத்தனை நீதியரசர்களுக்குள்ளும் என்னைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நான் நேர்மையானவன், யார் தெரிவு செய்தால் என்ன, நான் சரியாகத் தீர்த்தால் போதாதா? நல்ல மனிதருக்கு வரும் சோதனை இப்படித்தான் வரும். கையூட்டாக வந்தால் அவர் இலகுவில் தள்ளிவிடுவார். மதிப்பாக வருவதைத் தள்ளுவது கடினம்.

எதிரிகளின் சட்டத்தரணிகள் முதல்நாளிலேயே ஆட்சேபித்தனர். இந்த மன்று சட்டப்படி அமைந்ததல்ல என்றனர். தம்மைப்பற்றியே தாம் தீர்ப்புச் சொல்லவேண்டிய விசித்திர நிலை மூவருக்கும் வந்தது. 1962 ஐப்பசி 3ஆம் திகதி மூவரும் ஒரே குரலில் விடை கூறினர். நீதியரசரைக் குறிப்பிடும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுப்பது நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தில் தலையிடுவது, அரசியல் திட்டத்துக்கு மாறானது, ஆகவே செல்லாது. இது முதற் காரணம். இதனோடு நில்லாமல் இரண்டாவது காரணமும் காட்டினர். அந்த அதிகாரம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்படுவது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். வழக்கைப்பற்றி முன்னரே கருத்துச் சொல்லிவிட்ட தரப்பு நடுவரையும் குறிப்பிட்டால் பார்ப்பவர் மனத்தில் என்ன எண்ணம் எழும்?

இப்படிக் கூறி, அந்த வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று எழுந்து விட்டனர்.

எனக்கு இந்த இரண்டாவது காரணமே பெரிதாகத் தோன்றுகிறது. தங்கள் உள்ளத்தைப்பற்றி அவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. ஆனால் எதிரிக்கூட்டில் நிற்பவனும் அவன் மனைவி பிள்ளைகளும் வாசலில் நிற்கும் சனமும் எங்கள் உள்ளத்தைப் பார்க்க இயலாதே, அவர்கள் பார்க்கக்கூடியது எங்களை யார் அனுப்பினார் என்பதைத்தானே என்று எண்ணினார்கள். இரண்டாம் குறிப்பேடு நூலின் 19ஆம் அதிகாரத்தில் யோசபாத்து அரசன் பட்டணந்தோறும் நீதிபதிகளை நியமிக்கிறான். நியமித்துவிட்டு அவர்களிடம், நீங்கள் தீர்ப்பது மனிதருக்காக அல்ல, ஆண்டவருக்காக என்கிறான். அரசன் நியமித்த நீதிபதி அரசனுடைய ஆள் அல்லன் என்பதை அரசனே சொல்வது பழைய ஏற்பாட்டில் அருமையான இடம்.

பின்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுவோம். அரசாங்கம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிடும் வேலையைப் பிரதம நீதியரசரிடம் திருப்பிக் கொடுத்தது. இரண்டாவதாக அமைந்த மன்று, அதில் ஒருவர் முன்னர் அரச சட்ட அதிகாரியாக இந்த விடயத்தோடு தொடர்புபட்டிருந்தார் என்பதால் தானே கலைந்தது. எம். சி. சன்சோனி, எச். என். ஜி. பெர்ணாண்டோ, எல். பி. டி சில்வா ஆகியோர் அடங்கிய மூன்றாவது மன்று 1963 யூனிலிருந்து 324 நாட்கள் விசாரித்து, 24 எதிரிகளில் 11 பேரை 1965 சித்திரை 6ஆம் திகதி குற்றவாளிகளாகக் கண்டு, சட்டம் கட்டாயப்படுத்திய பத்து ஆண்டுகளை விதித்தது. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போயிற்று.

1965 மார்கழியில் அந்த மேல்மன்று தண்டனைகளை நீக்கியது. குறிப்பிட்ட மனிதர்களைக் குறிவைத்து, நடந்து முடிந்த செயலுக்காக, குற்றத்தையும் சாட்சியத்தையும் தண்டனையையும் மாற்றி அமைத்த சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தைச் சட்டசபை பறித்துக்கொள்வதாகும். அது செல்லாது என்றது. ஆனால் சோல்பரி அரசியல் திட்டத்தில், நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்று வெளிப்படையாக ஒரு வரி இல்லை. பின் எங்கிருந்து அதைக் கண்டார்கள்? நீதியரசரின் பதவிப் பாதுகாப்பையும் நீதிச்சேவை ஆணைக்குழுவையும் சுட்டியதோடு, நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தையும் சுட்டினார்கள். அன்றிலிருந்து இந்தத் தீவில் நீதி அதிகாரம் நீதிமன்றங்களின் கையில் இருந்து வந்திருக்கிறது. புதிய அரசியல் திட்டம் அதை வாய்திறந்து எடுத்துவிடவில்லை. ஆகவே அது அங்கேயே இருக்கிறது என்றார்கள். மன்னர் கொடுத்த பட்டயமே மகாராணியின் பெயரால் வந்த சட்டத்தை வென்றது.

நீதியரசர் ரி. எஸ். பெர்ணாண்டோவுக்குக் குக்கின் கதி நேரவில்லை. 1966இல் அனைத்துலகச் சட்ட அறிஞர் ஆணைக்குழு அவரைத் தலைவராக்கியது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் மேன்முறையீடு நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக இலங்கையிலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தபோது, அதன் தலைவரானவரும் அவரே. அப்போது ஆட்சியில் இருந்தவரும் 1962இல் ஆட்சியில் இருந்த அதே பிரதமர்தான். இதையும் நேர்மையோடு சொல்லத்தான் வேண்டும். தமக்கு முடியாது என்று சொன்ன நீதியரசரை அந்த அரசாங்கம் அழிக்கவில்லை.

வாசல்கள் மீண்டும் திறந்த காலம்

ஆனால் அந்தத் தீர்ப்பைத் தாங்கிய தூண்கள் நிலைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு அரசியல் யாப்பு நீதி அதிகாரத்தையும் தேசிய அரசுப் பேரவையின் கையில் வைத்து, நீதிமன்றங்கள் ஊடாக அது செலுத்தப்படும் என்றது. 1978ஆம் ஆண்டு யாப்பு நடைமுறைக்கு வந்த அன்று உயர் நீதிமன்ற நீதியரசர் அனைவரும் பதவி இழந்தவராயினர். சனாதிபதி வேண்டியவர்களை மீண்டும் நியமித்தார். சிலருக்கு அழைப்பு வரவில்லை. 2013 தையில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத் தீர்மானத்தின்பேரில் நீக்கப்பட்டார். அந்த விசாரணைக் குழுவின் முடிவு செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சில நாட்களுக்கு முன்னரே கூறியிருந்தும் அது நடந்தது. 2015இல் அந்த நீக்கம் செல்லாது எனக் கொண்டு அவரை மீண்டும் ஆசனத்தில் அமர்த்தினர். அவர் மறுநாளே ஓய்வு பெற்றார்.

உயர் நீதிமன்ற நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்று 17ஆம் திருத்தம் 2001இல் கூறியது. 18ஆம் திருத்தம் 2010இல் அதை எடுத்துவிட்டது. 19ஆம் திருத்தம் 2015இல் திருப்பித் தந்தது. 20ஆம் திருத்தம் 2020இல் மறுபடி எடுத்தது. 21ஆம் திருத்தம் 2022இல் மறுபடி தந்தது. ஒரு வீட்டின் வாசற் கதவை இருபது ஆண்டுகளில் இத்தனை தரம் கழற்றிப் பூட்டினால், அந்த வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக உறங்குவார்களா?

நமக்குக் கிட்டிய உதாரணமும் உண்டு. 2023 புரட்டாதியில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி, உயிர் அச்சுறுத்தலும் அழுத்தமும் உண்டென்று கூறித் தம் எல்லாப் பதவிகளையும் துறந்து நாட்டைவிட்டுச் சென்றார். குருந்தூர்மலை வழக்கில் அவர் வழங்கிய கட்டளைகள் எல்லோரும் அறிந்தவை. அப்படி அழுத்தம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்று அரச தரப்பு மறுத்தது. வடக்குக் கிழக்குச் சட்டத்தரணிகள் மன்றுகளுக்குப் போகாமல் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆகாபின் முத்திரையிட்ட கடிதம்போல எதுவும் இந்தக் காலத்தில் எழுத்தில் வருவதில்லை என்பதே இத்தகைய வழக்குகளில் உண்மை காண்பதைக் கடினமாக்குகிறது.

அரசாங்கத்தைக் குறை சொல்வதோடு நாம் நிறுத்திவிடுவதும் சரியன்று. காணி வழக்கு ஒன்று கோட்டுக்குப் போனதும் நம்மூரில் எழும் முதற் கேள்வி என்ன? நீதவான் எந்த ஊர், யாருக்கு இனசனம், எங்கே படித்தவர், வேதக்காரரா சைவக்காரரா என்பதுதானே? சுவாமியாரிடம் வந்து, அந்த நீதிபதி உங்களிடம் படித்தவராமே, ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் நல்லவர். வழக்கும் நியாயமானதாக இருக்கலாம். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதில் ஜேம்ஸ் மன்னருக்கும் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. நீதிபதியின் காதுக்குள் போடும் அந்த ஒரு சொல்லை எதிர்த்துத்தான் குக் 1615இல் வாயைத் திறந்தார்.

1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. புதிய சட்ட அறிக்கைகளின் 64ஆம் தொகுதியில் 313ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்திலோ கொழும்பிலோ சட்டம் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், அதைத் தேடியெடுத்து ஒருநாள் மாலை தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.